இல்லம் புகுந்த வௌவால்

பல்லி நம் மேல் விழுந்தால் எந்த அங்கத்தில் விழுந்ததற்கு என்ன பலன் என்பதை ஆண்டுதோறும் தவறாமல் அச்சிட்டு வருகின்றன நம் பஞ்சாங்கங்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி இருக்கிறது. பாம்பு புகுந்தால் பால் வைப்பதா, ஆள் அழைப்பதா என்ற விவாதம் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. இத்தனை பிராணிகளுக்கு இடம் கொடுத்த நம் சம்பிரதாயம், இரவு எட்டு மணிக்கு ஜன்னல் வழியே கூடத்தில் நுழைந்து, வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பறக்கும் வௌவாலுக்கு மட்டும் ஏன் ஒரு விதியும் வகுக்காமல் விட்டது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. வௌவால் அடைந்த வீடு என்று சொல்லுகிறோமே என்றால், அது குடியிருந்தவர்கள் போய்விட்ட பாழ்வீட்டைக் குறிப்பது. வௌவால் வந்ததனால் வீடு பாழாயிற்று என்பதன்று, வீடு பாழானதனால் வௌவால் வந்தது என்பதே அதன் தாத்பரியம்.

எனக்குத் தோன்றிய சமாதானம் இதுதான்: வானத்துக்குத் திறந்த முற்றமும், அதைச் சூழ்ந்த தாழ்வாரமும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியும் கொண்ட பழைய வீட்டில் வௌவால் 'புகுவது' என்ற சம்பவமே இல்லை. புகுவதற்கு உள் என்றும் வெளி என்றும் இரண்டு இடங்கள் வேண்டுமல்லவா? அந்தி மங்கியதும் அது முற்றத்தில் இறங்கும். விளக்கை மொய்க்கும் பூச்சிகளை இரண்டு வட்டத்தில் அள்ளிக்கொண்டு வந்த வழியே ஏறிப் போய்விடும். தாழ்வாரத்தில் படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். தஞ்சை ஜில்லாவில் என் தாத்தா வீட்டுப் பரணுக்கு நேர் கீழே, நெல் குதிரின் பக்கத்தில், விடிந்தால் தவளைக் கால் ஒன்றும், வெட்டுக்கிளியின் இறக்கைகள் நாலைந்தும், சில நாள் பல்லியின் வாலும் சிதறிக் கிடக்கும். அத்தைப் பாட்டி முகம் சுளிக்காமல் அவற்றைப் பெருக்கித் தள்ளுவாள். "ராத்திரி சாப்பிட்ட எலையை எடுக்காமப் போயிட்டான் பாரு" என்பதோடு அவள் கோபம் தீர்ந்துவிடும். அந்த 'அவன்', பூச்சியோடு நில்லாமல் தவளை, பல்லி, சுண்டெலி வரையில் வேட்டையாடி, பிடித்ததைத் தன் வழக்கமான விட்டத்துக்குக் கொண்டுவந்து தின்னும் பெருங்காது வௌவால் என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்புதான்.

வீடு மாறிவிட்டது, வௌவால் மாறவில்லை. சங்கடம் முழுதும் இதிலிருந்தே பிறக்கிறது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தபோது, ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஓர் இரவு, திறந்த பால்கனிக் கதவின் வழியே ஒன்று உள்ளே வந்தது. மனைவி விளக்குமாற்றைத் தேடினாள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன், கொசு அடிக்கும் மின்சார மட்டையோடு சோபாவின் மேல் ஏறி நின்றான். "அப்பா, ஃபேனை அஞ்சுல வைங்க, பயந்து ஓடிடும்" என்று அவன் கத்த, யோசிக்காமல் அப்படியே வைத்தவன் நான். அடுத்த வட்டத்தில் 'பட்'டென்று ஒரு சிறு சத்தம் கேட்டது. அலமாரிக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. இழுத்துப் பார்த்தபோது, பத்து ரூபாய் நாணயத்தின் எடைகூட இராத ஒரு கருஞ்சிறு சரீரம், ஒரு கையின் எலும்பு முறிந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தம் போடுகிறது, நமக்குத்தான் கேட்கவில்லை என்று தெரிந்தது. வெறுங்கையால் எடுத்தேன், விரலில் சுருக்கென்றது, அரைமணி நேரத்தில் அது அடங்கிற்று, கையைக் குழாயில் காட்டிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன். அந்த ஓரிரவில் நான் செய்த பிழைகள்தாம் இவ்விஷயத்தில் அநேகமாக எல்லோரும் செய்யும் பிழைகள் என்பது பின்னால் படித்தும் கேட்டும் விளங்கியது. நிதானமாக இருக்கவேண்டிய இடத்தில் அவசரப்பட்டேன்; அவசரப்படவேண்டிய ஒரே இடத்தில் நிதானமாக இருந்துவிட்டேன்.

வந்தது எது என்பதை முதலில் பார்ப்போம். உலகில் வௌவால் இனங்கள் 1,400-க்கு மேல். பாலூட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சங்கப் பாடல்களில் வாவல் என்றும், அகராதிகளில் சிறுவகைக்குத் துரிஞ்சில் என்றும், மீன் சந்தையில் தட்டையான ஒரு மீனுக்கு உவமையாகு பெயராகவும் வழங்கும் இந்தச் சொல்லுக்குள், கட்டைவிரல் அளவு உடலும் நாலைந்து கிராம் எடையும் உள்ள பூச்சிதின்னி முதல், இறக்கை விரித்தால் நாலடிக்கு மேல் போகும் ஆலமரத்துப் பழந்தின்னி வரையில் அடங்கியிருக்கின்றன. இவற்றில் பெரிய பழந்தின்னி வீட்டுக்குள் வருவது அபூர்வம். நம் கூடத்தில் சுற்றுவது, பத்தில் எட்டுத் தடவை, சுவர் வெடிப்பிலும் ஓட்டிடுக்கிலும் காய்ந்த பனையோலைக்குள்ளும் பகலைக் கழிக்கும் சிறு துரிஞ்சிலாகவோ, வயிறு மஞ்சள் பூத்த வீட்டு வௌவாலாகவோ இருக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. கொய்யாவையும் நாட்டு வாதுமையையும் கவ்விக்கொண்டு வந்து போர்ட்டிகோவின் கூரையில் தொங்கித் தின்றுவிட்டு, சக்கையையும் கொட்டையையும் சுவரில் தெறித்த எச்சத்தையும் நமக்கு விட்டுச் செல்லும் நாய்முகக் குறும்பழந்தின்னி, வாசல் வரையில் வரும் விருந்தாளி. உள்ளே வந்தால் வழி தவறி வந்ததுதான். இன்னது என்று சட்டென்று சொல்ல முடியவில்லையே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டக்காரத் துரை பிடித்தனுப்பிய ஒரு வௌவால், இந்தச் சாதாரணக் குறும்பழந்தின்னி என்றே பெயரெழுதப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபதாண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி எடுத்து நோக்கி, உலகம் அதுவரை அறியாத தனியினம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நிபுணர்கள் கண்ணுக்கே அந்தக் கதியென்றால், விளக்குமாறும் கையுமாக நிற்பவன் கண்ணுக்கு என்ன சொல்வது!

அது வந்த காரணம் பெரும்பாலும் நாமே. விளக்கு பூச்சியை இழுக்கிறது, பூச்சி வௌவாலை இழுக்கிறது. மழைக்காலத்து ஈசல் பறக்கும் இரவில் குழல் விளக்கை எரியவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தவன், அழைப்பிதழ் அனுப்பியவன் போலத்தான். அன்றியும், பறக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குட்டி, புதுப் பகலிருப்பிடம் தேடும் வளர்ந்தது, குளிர் தேசங்களில் மாரி உறக்கம் கலைந்து மாடியறையிலிருந்து கீழே இறங்கிவிட்டது என்று வேறு காரணங்களும் உண்டு. நம்மைத் தேடி, நம் இரத்தத்தையோ தலைமயிரையோ விரும்பி வருவது மட்டும் ஒருகாலும் இல்லை. இரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் மூன்று. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் மெக்சிகோ தொடங்கித் தெற்கே வாழ்வன. பின்னிய கூந்தலில் சிக்கிக்கொள்ளும் என்பது, கொசுவின் இருப்பிடத்தையே இருளில் கண்டுகொள்ளும் பிராணிக்கு நாம் செய்யும் அபவாதம்.

இனி, அறைக்குள் பறக்கும் வௌவாலின் நிலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். பரிகாரம் முழுதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வினோதம் என்னவென்றால், வௌவாலைப் பற்றி மனிதன் கண்ட மிகப் பெரிய உண்மையும் ஓர் அறைக்குள்ளிருந்தே பிறந்தது. இத்தாலியில் லாசரோ ஸ்பல்லான்சானி என்னும் பாதிரியார் 1793-இல், மெழுகுவர்த்தி அணைந்ததும் தம் அறையிலிருந்த ஆந்தை சுவரில் மோதித் தடுமாற, வௌவால் மட்டும் ஒன்றும் நடவாதது போலப் பறப்பதைக் கவனித்து, அதன் கண்ணைக் கெடுத்தும் பார்த்தார். குருட்டு வௌவால் தொங்கவிட்ட நூல்களுக்கு நடுவே தப்பாமல் புகுந்து சென்றது. ஜினீவாவில் லூயி ஜூரின் அதன் காதை அடைத்துப் பார்த்தார். கண்ணிருந்தும் அது சுவரில் போய் மோதிற்று. காதால் பார்க்கிறதா என்று பண்டிதர்கள் எள்ளி நகையாடியதால் விஷயம் ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1938-இல் ஹார்வர்டில் மாணவராயிருந்த டொனால்ட் கிரிஃபின், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன் வௌவால் கூட்டைக் கொண்டுபோய் வைத்த பிறகே மர்மம் வெளியாயிற்று. அது கூவுகிறது, கூவிய ஒலி பொருளில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது, அந்த எதிரொலியால் உலகை வரைந்துகொள்கிறது. கண் குருடன்று, மங்கிய ஒளியில் நன்றாகவே தெரியும். ஆனால் அதன் பிரதான இந்திரியம் காதே.

இந்தக் காது, பழைய வீட்டை நன்றாகப் படிக்கும். சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பும், மரத்தூணின் செதுக்கலும், ஓட்டின் வரிசையும் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏதாவதொரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். இன்றைய வீடு அதற்குப் பொய் சொல்லுகிறது. வழவழப்பான செங்குத்துப் பரப்பு, சாய்வாக வந்த ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடுவதனால், வௌவாலுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, திறந்த வெளி என்றே தோன்றிப் போய் மோதுகிறது என்று ஸ்டெஃபான் கிரைஃபும் அவர் தோழர்களும் 2017-இல் காட்டினார்கள். அதே கிரைஃப், வழவழப்பான கிடைப் பரப்பை வௌவால்கள் தண்ணீர் என்றெண்ணி, பறந்தபடியே தாழ்ந்து, மறுபடி மறுபடி நக்கிப் பார்ப்பதை 2010-இல் விவரித்திருக்கிறார். கண்ணாடி ஜன்னலும் கிரானைட் தரையும் போட்ட நம் கூடத்தை நினைத்துப் பாருங்கள்: வழி என்று எண்ணியது சுவராயிருக்கிறது, குளம் என்று எண்ணியது கல்லாயிருக்கிறது. துரியோதனன் பட்ட பாட்டைத்தான் இந்தச் சிறு பிராணியும் நம் வீட்டில் படுகிறது. சிரிப்பதற்கும் அடிப்பதற்கும் சுற்றி நாம் நிற்கிறோம்.

எல்லாவற்றிலும் கொடியது மின்விசிறி. அசையாத மெல்லிய கம்பியையும் விலகிச் செல்லும் வௌவால் விசிறியில் அடிபடுவது ஏன் என்று ஐயுறுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 அங்குல விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால், அதன் இறக்கை நுனி மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. மூன்று இறக்கைகளாதலால் ஒரு குறிப்பிட்ட இடத்தை வினாடிக்குப் பதினைந்து தடவை கடக்கிறது. சும்மா பறக்கும் வௌவால் வினாடிக்குப் பத்துத் தடவையளவில் கூவும். ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவே, ஒன்றும் இல்லை என்று அது கேட்டறிந்த இடத்தில், இறக்கை வந்து நின்றுவிடுகிறது. ஆகையால் முதற்காரியம் விசிறியை நிறுத்துவது. சுவிட்சை அணைத்தவுடன் விசிறி நின்றுவிடாது, முழுதும் அடங்க ஒரு நிமிடம் செல்லும் என்பதனால், வேறு எதை யோசிப்பதற்கும் முன்பே கை அங்கே போயாக வேண்டும்.

பிறகு மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்திவிட்டு, வெளியே திறக்கும் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் முழுதும் திறந்து, திரைச்சீலையையும் கொசுவலைச் சட்டத்தையும் விலக்கிவிட வேண்டும். பாதி திறந்த நகரும் கண்ணாடி ஜன்னல் வௌவாலுக்குப் பாதி வழியன்று, பாதி பொறி. விளக்கை என்ன செய்வது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியேறிவிடுங்கள் என்பது பிரிட்டனில் வௌவால் காப்போர் கூறும் யோசனை. மங்கிய விளக்கொன்று இல்லாவிட்டால் அது போயிற்றா, திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்பது மறுதரப்பார் கட்சி. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், கூடத்து விளக்கையும் பால்கனி விளக்கையும் அணைத்து, சமையலறை விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கில் கசியுமளவுக்கு விட்டு, ஒருவர் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்திருப்பதே நல்லது என்பேன். நடுக்கூடத்தில் நிற்கக்கூடாது. அறைக்குள் சுற்றும் வௌவால் சுவரருகே திரும்பும்போது உயர்ந்தும், நடுவே கடக்கும்போது தாழ்ந்தும் தொட்டில் ஆடுவது போலப் பறக்கும். நடுவில் நிற்பவர் தம் தலையைக் கொத்த வருகிறது என்று அலறுவதெல்லாம் இந்தத் தாழ்வைக் கண்டுதான். பத்து நிமிடமோ அரைமணியோ, சுற்றின் விளிம்பில் ஜன்னலின் குளிர்காற்று பட்டதும் அது போய்விடும். விரட்டினால் களைத்து விழும். களைத்தது விழுந்த இடத்தில் தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

களைத்துப்போய்ச் சுவரிலோ திரையிலோ ஒட்டிக்கொண்டுவிட்டால் நமக்கு அனுகூலமே. கெட்டியான தோல் கையுறை போட்டுக்கொண்டு, சிறிய அட்டைப் பெட்டியை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தினசரிக் காலண்டரின் பழைய அட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. எவர்சில்வர் டப்பா வேண்டாம், பற்றிக்கொள்ள இடமில்லாமல் உள்ளே படபடக்கும். வெளியே கொண்டுபோய்த் தரையில் கொட்டுவது பலர் செய்யும் தவறு. பெரும்பாலான வௌவால்கள் உயரத்திலிருந்து விழுந்து அந்த வேகத்தில் பறப்பெடுப்பவை. தரையிலிருந்து எழும்ப இடர்ப்படும், அதற்குள் பூனை வந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல், மரப்பட்டையிலோ மதில் சுவரின் கரடான பகுதியிலோ பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால், அதுவாகத் தொற்றி ஏறி, சற்று நடுங்கி, போகும். பகலில் அகப்பட்டால் அந்தி வரையில் பெட்டியிலேயே ஒரு துணியோடும் பாட்டில் மூடியளவு தண்ணீரோடும் இருக்கட்டும். வெளிச்சத்தில் விட்டால் நம் ஊர்க் காகங்கள் அதை அடுத்த தெரு வரையில்கூடப் போகவிடமாட்டா.

இதுவரை சொன்னதெல்லாம் நிதானத்தின் பக்கம். இனிச் சொல்லப்போவது மறுபக்கம். அன்று விரலில் சுருக்கென்றதே, அதை நான் மறந்தே போனேன். மூன்றாம் நாள் பேச்சுவாக்கில், பக்கத்துத் தெருவிலிருந்த வயதான டாக்டரிடம் வேடிக்கைபோலச் சொன்னபோது, அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மூணு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீர்? கடிச்சது நாயா இருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீர்ல? எழுந்திரும்" என்றார். நியாயமான கேள்வி. வெறிநோய் இந்தியாவில் அநேகமாக முழுவதும் நாயால்தான் மனிதனுக்கு வருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த நோயின் வைரஸும் அதன் தாயாதி வைரஸ்களும் வௌவாலிடம் குடியிருப்பது உலகெங்கும் நிரூபணமான விஷயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டில் வெறிநோய் கண்டு இறப்போரில் பெரும்பாலோர்க்கு அது வௌவாலிடமிருந்தே தொற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் 1996-இல் அந்நாட்டு வௌவாலுக்கே உரிய வெறிநோய் இன வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2002-இல் வௌவால்களைப் பேணிவந்த ஒருவரே வெறிநோயால் மாண்டார். நம் ஆலமரங்களில் தொங்கும் அதே பெரிய பழந்தின்னியிடம், இலங்கையில் பேராதனைக்கருகே கன்னொருவை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இன்னொரு வைரஸ் காணப்பட்டது. வௌவால்களில் நோயுற்றவை மிகச் சொற்பமே. ஆயினும் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் அநேகமாக இல்லை என்னும் ஒரு வியாதியின் முன் சொற்பம் என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை.

ஆகவே வௌவாலின் பல்லோ நகமோ பட்டால், அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டால், காயம் தெரிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிராமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளமென்று தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பிப்பொடியும் வைக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். வௌவாலோடு நேரடித் தொடர்பை உலக சுகாதார நிறுவனம், ஆழ்ந்த நாய்க்கடியை வைத்திருக்கும் அதே மூன்றாம் வகையில், அதாவது ஊசியோடு எதிர்ப்புரதமும் போடவேண்டிய வகையில் வைத்திருக்கிறது. சிறு வௌவாலின் பல் குண்டூசி முனையளவு; கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். எனவே தூங்கி விழித்த அறையில், பேசத் தெரியாத குழந்தை படுத்திருந்த அறையில், குடித்து நினைவிழந்து கிடந்தவன் அறையில் வௌவாலைக் கண்டால், கடித்திருக்கலாம் என்றே பாவித்து மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது அமெரிக்க நாட்டார் கைக்கொள்ளும் விதி. அங்கே அப்படிப்பட்ட வௌவாலை வெளியே விடாமல், தலை சிதையாதபடி பிடித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் திறந்த காலத்தில் தென்னாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து கடிபட்டவர்கள் மலையேறிப் போகவேண்டியிருந்தது. இன்று தாலுகா ஆஸ்பத்திரியில் கையில் போடும் ஊசிக்குச் சோம்பி உட்கார்ந்திருந்த என்னை அந்த டாக்டர் ஏசியதில் தவறே இல்லை.

வௌவால் என்றதும் இப்போது ஜனங்கள் நடுங்குவது வெறிநோயை நினைத்தன்று, நிபாவை நினைத்து. மலேசியாவில் 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் தோன்றி 105 பேரைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல், 2018 மே மாதம் கேரளத்தில் பேராம்பிரைக்கருகே ஒரு குடும்பத்தில் புகுந்து, அடங்குவதற்குள் 17 உயிர்களைக் குடித்தது. அவ்வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்ததைக் கண்டு, இதோ அகப்பட்டது என்று கிணற்றை மூடி அவற்றைச் சோதித்தார்கள். அவை பூச்சிதின்னிகள், அவற்றிடம் ஒன்றும் இல்லை. பிறகு பெரிய பழந்தின்னிகளைச் சோதித்தபோதே வைரஸின் சுவடு தெரிந்தது. அதற்குள் கேரளத்திலும் எல்லை தாண்டி இங்கேயும் கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, கோயில் மண்டபம் எங்கும் எந்த வௌவாலைக் கண்டாலும் தடியெடுத்தவர்கள் பலர். வீட்டுக்குள் சுற்றும் துரிஞ்சிலால் நிபா வருவதாகச் சான்றில்லை. பழந்தின்னி கடித்த பழத்தை உண்பதும், அது வாய் வைத்த பானையின் சாற்றைக் குடிப்பதுமே அஞ்சத்தக்கவை. வங்காள தேசத்தில் ஈச்சஞ்சாற்றுப் பானைகளின் வழியே அது பரவியதறிந்து, பானையைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டுகிறார்கள். ஒருவனுடைய குற்றத்துக்கு அவன் ஜாதியில் பிறந்த அனைவரையும் தூக்கிலிடும் நியாயம் மனிதரிடத்தில் செல்லாதென்றால் வௌவாலிடத்தில் மட்டும் எப்படிச் செல்லும்?

வழி தவறி வந்தது ஒன்று. ஓட்டுக்கடியிலோ ரோலிங் ஷட்டரின் பெட்டிக்குள்ளோ குடியேறிவிட்டது வேறொன்று. இரண்டாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்துருண்டையும் மிளகாய்ப் புகையும் நம்மைத்தான் வெளியேற்றும். ஒலியெழுப்பி விரட்டும் என்று விற்கும் பெட்டிகளும் காசுக்குக் கேடு. அந்தியில் வெளியே நின்று அவை எந்த இடுக்கிலிருந்து வருகின்றன என்று பார்த்து, அவ்விடத்தில் மேல்விளிம்பு மட்டும் கட்டிய வலைத்துண்டொன்றைத் தொங்கவிட்டால், வெளியேறுபவை வெளியேறும், திரும்ப நுழையத் தெரியாது. நாலைந்து நாளில் ஒன்றும் வராதது கண்டு சிமெண்டால் அடைத்துவிடலாம். சுண்டுவிரல் நுழையும் இடுக்கே அவற்றுக்குப் போதுமாகையால் சின்னத் துளையென்று விடக்கூடாது. உள்ளே பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கும் காலத்தில் அடைத்தால், தாய் வெளியே அலையக் குட்டிகள் உள்ளே செத்து நாறும். காய்ந்த புழுக்கையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் பூஞ்சணத் துகள் நுரையீரலுக்குப் போக இடமுண்டு. தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளவேண்டும். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வௌவால் தங்கும் இடத்தை வீட்டுக்காரனே அடைக்கக்கூடாதென்கிறது. நம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமோ பழந்தின்னியைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகளின் பட்டியலில் எழுதிவைத்திருந்தது. 2022-இல் திருத்தம் வந்தபோதுதான் அந்தப் பட்டியலே மறைந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, பழந்தின்னிகள் தொங்கும் ஆலமரத்தை உத்தேசித்துத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருந்துவருகின்றன. ஆஸ்துமாவுக்கு நல்லதென்று அதே பழந்தின்னியை அடித்துத் தின்பவர்களும் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள்.

வௌவால் வாதத்தில் அதன் கட்சிக்காரர்கள் செய்யும் மிகையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று கூசாமல் எழுதுகிறார்கள். ஆய்வறையில் கொசுவை நிறைத்துவிட்டு வௌவாலைப் பறக்கவைத்துச் சில நிமிடங்கள் பார்த்த கணக்கைப் பெருக்கிப் பெருக்கி வந்த எண் அது. வெளியில் பறக்கும் வௌவால் கொசுவையும் தின்னும், அந்துப்பூச்சியையும் வண்டையும் அதிகம் தின்னும். எடையில் பாதியளவு ஓரிரவில் உண்பதும் உண்டு, வயலுக்கு அது பெரிய உபகாரமே. ஆனால் கொசுவர்த்திக்குப் பதிலாக வௌவாலை வளர்க்கலாம் என்று நம்பினால், ஃபுளோரிடாவில் ரிக்டர் பெர்க்கி என்பவருக்கு நேர்ந்ததே நேரும். டெக்சாஸில் டாக்டர் சார்ல்ஸ் காம்பெல் வகுத்த திட்டத்தைப் பின்பற்றி, கொசுவை ஒழிக்கவென்று 1929-இல் அவர் கடற்கரைத் தீவொன்றில் பெரிய மரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அதில் குடியேற்றிய வௌவால்கள் பறந்து போயின; திரும்பவில்லை. 2017-இல் புயல் சாய்க்கும்வரையில் அந்தக் கோபுரம் காலியாகவே நின்றது. வா என்று மாளிகை கட்டினால் வராததும், வராதே என்று வலை கட்டிய ஜன்னலில் ஒரு சந்து கண்டு வருவதும் அதன் சுபாவம்.

போன ஆவணியில் மறுபடி ஒன்று வந்தது. மகன் இப்போது வேலைக்குப் போகிறான். அவனே எழுந்து விசிறியை அணைத்தான், நான் விளக்கை அணைத்தேன், மனைவி பால்கனிக் கொசுவலையைக் கழற்றினாள். மூவரும் சுவரோடு சுவராகத் தரையில் உட்கார்ந்தோம். விசிறி ஓசை அடங்கியபின், அது தலைக்கு மேல் கடக்கும்போதெல்லாம், பழைய குடையை யாரோ தூரத்தில் மெதுவாக விரிப்பது போல ஒரு தோல் சத்தம் கேட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, வேர்த்துக் கொட்டிற்று. "போயிடுச்சாங்க?" என்று அவள் கிசுகிசுத்தாள். எனக்குத் தெரியவில்லை. மகன் செல்போன் வெளிச்சத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரைச்சீலையின் மடிப்பு ஒவ்வொன்றாகப் பார்த்து, அலமாரியின் மேல் பார்த்து, கடைசியில், "இல்லப்பா" என்றான். அப்புறமும் சற்றுநேரம் ஒருவரும் விசிறியைப் போட எழவில்லை.